பதில்: ஜவுளிக்கடை ஊழியர்கள் மாலையானால் சிடுசிடுக்கிறார்கள்

சம்பளம் கூட்டியும் விற்பனைப் பெண்கள் சாயங்காலம் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறார்கள், பயிற்சி வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு வேண்டாம் சார். காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

முதலில் உட்கார இடம் கொடுங்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தப்படி அது கட்டாயமும்கூட. கவுண்டர் 90 செ.மீ. உயரமென்றால் ஸ்டூல் 60–65 செ.மீ. இருக்கட்டும், கால் வைக்கக் குறுக்குக் கம்பி அவசியம். குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து ஒவ்வொரு முறையும் எழுந்தால் முழங்கால் போய்விடும், அப்புறம் யாரும் உட்கார மாட்டார்கள். பின்னால் இடம் குறுகலென்றால் ரேக்கில் மடக்குப் பலகை பொருத்தலாம்.

ஸ்டூல் வாங்கிப் போட்ட கடைகளிலும் இது பாழாவது இரண்டு வழியில்: அதன்மேல் சேலைப் பெட்டி ஏறிவிடும், இல்லையென்றால் சூப்பர்வைசர் முறைப்பார். ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள். கேமராவில் பார்த்து போன் போடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

கழிப்பறை எந்த மாடியில்? தூரமென்றால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். தலைவலி, நீர்க்கடுப்பு எல்லாம் அதிலிருந்துதான். அனுமதி கேட்டுப் போகும் முறையை எடுத்துவிடுங்கள்.

தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள். நடுவே ஒரு மணி நேர இடைவேளையும் சட்டத்தில் இருக்கிறது. சாப்பாட்டை இரண்டு அணியாகப் பிரித்தால் கவுண்டர் காலியாகாது.