கைபேசியில் தேடுகிறவர்கள் கண்ணில் என் தளம் படுவது எப்படி?

கேள்வி: தனி ஆளாகத் திருமணப் புகைப்படம் எடுக்கிறேன். இணையதளம் இருந்தும் அழைப்புகள் வருவதில்லை. கைபேசித் தேடலில் முன்னால் வர என்ன செய்ய வேண்டும்?

முதலில், உங்கள் தளத்தைக் கணினியில் பார்த்து ரசிப்பதை நிறுத்துங்கள். கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு கூகுள் 2015 ஏப்ரலிலேயே கைபேசித் தேடலில் முன்னுரிமை தரத் தொடங்கிவிட்டது. இன்று அது படித்துப் பதிவதே தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான். கணினியில் மட்டும் தெரியும்படி வைத்த கட்டண விவரம் அதன் கணக்கில் வராது.

நம் தொழிலுக்கென்றே ஒரு குழி உண்டு: கேமராவிலிருந்து வந்த 8 எம்பி படத்தை அப்படியே முகப்பில் ஏற்றுவது. நானும் விழுந்தவன்தான். மண்டப வாசலில் பெண்ணின் அப்பாவிடம் என் தளத்தைத் திறந்து காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். படம் இன்னும் வரவில்லை. அன்றிரவே படங்களின் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்தேன். முகப்பில் பெரிதாகத் தெரியும் படம் 2.5 நொடிக்குள் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்தது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுளில் உங்கள் தொழிலுக்கென்று நீங்கள் திறக்கும் விவரப் பக்கம். ‘அருகில் புகைப்படக்காரர்’ என்று தேடினால் வரைபடத்தோடு வரும் பெயர்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்டூடியோ இல்லையா? வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். ஆல்பத்தைக் கொடுக்கும் நாளில் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடி தராதீர்கள், கூகுளின் விதி அனுமதிக்காது.

தொலைபேசி எண்ணைப் படமாகப் போடாதீர்கள். விரல் பட்டதும் அழைப்பு போக வேண்டும்.