கேளுங்கள், சொல்கிறோம்: கொள்ளிடத்தை மறித்த துரை

கேள்வி: முக்கொம்பு போயிருந்தோம். பெரிய அணை கொள்ளிடத்தில் அல்லவா நிற்கிறது? காவிரிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் காவிரியில்தானே கட்ட வேண்டும்? இதைக் கட்டிய ஆர்தர் காட்டன் எஞ்சினியரா, பட்டாளத்துக்காரரா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: இரண்டும்தான். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் மதராஸ் எஞ்சினியர்ஸ் என்று ஒரு பிரிவு. ஏரி, வாய்க்கால் வேலையெல்லாம் அவர்கள் தலையில். 1803-ல் பிறந்தவர், 16 வயதில் சேர்ந்து, 1821-ல் இந்தியா வந்து, நடுவில் பர்மா சண்டைக்கும் போய்வந்து, கடைசியில் ஜெனரல் ஆனார்.

சரி, அணைக்கு வருவோம். முக்கொம்பில் ஆறு பிரியும் இடத்தில் கொள்ளிடம் தாழ்வு, ஓட்டமும் வேகம். காவிரிப் பக்கம் வருஷா வருஷம் மணல் மேடிட்டுக்கொண்டே போக, வந்த தண்ணீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போனது, கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்தார். கீழ்வீட்டுக் குழாய் முழுசாகத் திறந்திருந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா? கீழ்க்குழாயை அடைத்தார், அவ்வளவுதான். 1836-ல் நீங்கள் பார்த்த இடத்தில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை. மேலே மறித்தால் கொள்ளிடத்தை நம்பியவர்கள் காய்வார்களே என்று அணைக்கரையில் கீழணை. வடவாறு வழியாக வீராணத்துக்கு இன்றும் தண்ணீர் போவது அங்கிருந்துதான். மருந்து கொஞ்சம் அதிகமாகி, காவிரி ஆழமாக அரித்துக்கொண்டு போனதும் அதன் தலைப்பிலும் பிறகு ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று!

எனக்குப் பிடித்தது வேறு. எவ்வளவு தோண்டினாலும் மணலாகவே வருகிற ஆற்றில் அணை எப்படி நிற்கும்? தண்ணீர் வராத நாளில் படுகையில் நின்று பாருங்கள், குதிகால் புதையும், கொஞ்சம் போனதும் நின்றுவிடும். கல்லணையும் அப்படித்தான். மணலில் பாறாங்கல்லைப் போட்டால் அமிழும், அதன்மேல் இன்னொன்று, அமிழ்வது நிற்கும்வரை. மணலில் அஸ்திவாரம் போட இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். (இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'அனிகட்' கூட நம் அணைக்கட்டுதான்.) அந்தப் பாடத்தோடு போய்த்தான் தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கி 1852-க்குள் கோதாவரியை மறித்தார். 'சர்' பட்டம் அப்புறம், 1861-ல்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 9 மதகுகள் அடித்துப் போனதே, அது இந்த மேலணையில்தான். நீங்கள் பார்த்தது மிச்சமிருக்கும் பழசையா, பக்கத்தில் கட்டிய புதுக் கதவணையையா?