பண்டலும் பொறாமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கிறேன். டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராகி, இரண்டு வருடம் முன்பு இந்த இடத்துக்கு வந்தேன். டெய்லர், செக்கிங், டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடி எல்லாம் சேர்த்து 60 பேர் எனக்குக் கீழே. ஆறு மாதம் முன்பு 24 வயதுப் பையன் ஒருவனை, மாதிரி உடை தைக்கும் சாம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றினேன். தையல் சுத்தமாக இருக்கும், சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வான். அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. அவன் மெஷினில் நூல் டென்ஷனை யாரோ மாற்றி வைக்கிறார்கள். வெட்டிய துணிக் கட்டோடு வரும் பண்டல் சீட்டு காணாமல் போகிறது. அவன் எனக்குச் சொந்தக்காரன் என்று பேச்சு வேறு. எல்லாவற்றுக்கும் பின்னால் 18 வருடமாக இருக்கும் ஓர் அக்கா என்று நினைக்கிறேன், கண்ணால் பார்க்கவில்லை. ‘யாரையும் தனியாகப் பாராட்டாதே, எல்லோருக்கும் ஒரே இன்சென்டிவ் போட்டுவிடு’ என்கிறார் முதலாளி. பொறாமைக்கு மருந்து உண்டா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பையன் எப்படித் தைப்பான் என்று இருக்கிறது. முதலாளி சொன்னது இருக்கிறது. அந்த அக்கா என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்கவில்லை என்று ஊகிக்கிறேன்.

பொறாமை என்ற சொல் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரொம்ப வசதியானது. கீழே எது நடந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம், நம் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. 18 வருடம் மெஷினில் உட்கார்ந்த ஒருவருக்கு ‘ஏன் எனக்கு இல்லை?’ என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஜனங்கள் தாங்களே ஒரு காரணத்தைத் தைத்துக்கொள்வார்கள். ‘சொந்தக்காரன்’ அப்படித் தைத்ததுதான்.

உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. பல வருடம் முன்பு ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் நான்கு பேரை நான் கவனித்துக்கொண்டேன். அதில் ஒருவர் அபாரமான ஆள். ஒற்று விட்டுப்போனால் தாளைத் தொடும்போதே கண்டுபிடிப்பார். ‘அவரைப் பார்த்துக் கத்துக்குங்க’ என்று மற்ற மூவரிடமும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊக்கப்படுத்துகிறேன் என்று நினைப்பு. ஒருநாள் காய்ச்சலோடு வந்தவர் ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதியைத் தவறவிட்டார். 500 பிரதி அச்சாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மற்றவர்களில் இரண்டு பேர் தாள் மேசைமேல் இருந்தபோதே அதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். ‘நீங்கதானே சார் அவரைப் பார்த்துக் கத்துக்கச் சொன்னீங்க’ என்றார் ஒருவர், நிதானமாக. கெடுதல் என்று அவர்கள் எதுவும் செய்யவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நல்ல மனிதரைத் தனி ஆளாக்கி வைத்தது நான்.

சரி, உங்கள் ஃப்ளோருக்கு வருவோம். உங்கள் ஊரில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தைப்பவர்களிடம் கொஞ்ச காலம் பேசிப் பழகியிருக்கிறேன். அங்கே மனக்கசப்பு பெரும்பாலும் பதவியில் ஆரம்பிப்பதில்லை, பண்டலில் ஆரம்பிக்கிறது. ஒரே ஸ்டைல், ஒரே ரேட். ஒருவருக்கு வெள்ளைத் துணி. பக்கத்து மெஷினுக்குக் கறுப்புத் துணி, கறுப்பு நூல், ராத்திரி ஓவர்டைம், டியூப்லைட் வெளிச்சம், நாற்பதைத் தாண்டிய கண். தையல் விலகினால் தெரியாது, பிரித்துத் தைக்கும்போது அதைவிடத் தெரியாது. சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது வித்தியாசம் கையில் தெரியும். யார் யாருக்கு எந்த பண்டல் போகிறது என்பதை உங்கள் சூப்பர்வைசர் எதை வைத்து முடிவு செய்கிறார்? ஒரு வாரம் அதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். லைன் முனையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அந்த நோட்டு தொங்கட்டும். கறுப்பு யாருக்கு எத்தனை தடவை வந்தது என்று ஜனங்களே எண்ணிக்கொள்வார்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கும் என்பது என் நம்பிக்கை.

முதலாளியின் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. தீபாவளி போனஸுக்குச் சட்டமே குறைந்தது 8.33 சதவீதம் என்று வைத்திருக்கிறது. அது உரிமை, அதில் ஆளுக்கு ஆள் தராதரம் பார்க்கக் கூடாது. இன்சென்டிவ் வேறு. இதை ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே கபிலர் மலையமான் திருமுடிக்காரி என்ற குறுநில மன்னனிடம் சொல்லிவிட்டார், புறநானூற்றில் 121-வது பாட்டு. அள்ளிக் கொடுப்பது சுலபம், ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார். யாருக்கு என்ன தகுதி என்று அறிவதுதான் கஷ்டம், அதனால் புலவர்களிடம் ‘பொதுநோக்கு ஒழிமதி’, எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்பதை விடு என்கிறார். (கபிலரும் பரிசில் வாங்குகிற புலவர்தான், தன் கட்சிக்கும் சேர்த்துத்தான் பேசுகிறார். அதனால் சொன்னது பொய்யாகிவிடாது.) எல்லோருக்கும் ஒரே தொகை என்று வையுங்கள். நன்றாகத் தைப்பவர் கையைக் குறைத்துக்கொள்வார், குறைவாகத் தைப்பவருக்கும் அது சந்தோஷம் தராது. ஆனால் வரிசை உங்கள் மனசுக்குள் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் ஓரவஞ்சனைதான். சாம்பிள் செக்‌ஷனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அடுத்த இடம் எப்போது காலியாகும், யார் வேண்டுமானாலும் ஒரு பீஸ் தைத்துக் காட்டலாமா? இதை 60 பேர் முன்னால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், அந்தப் பையனை எதற்காக எடுத்தோம் என்று நீங்களே இன்னொரு தடவை யோசிக்க வேண்டும்.

மெஷினில் கை வைப்பது வேறு கதை. அதைச் சும்மா விடக் கூடாது. ஆனால் பார்க்காத விஷயத்துக்கு அந்த அக்கா பெயரை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் செய்யாதவராக இருந்தாலும் அப்புறம் சரி செய்ய முடியாது. மெஷினை மாற்றி அமைப்பது யார் வேலை, ஷிப்ட் முடிந்ததும் யார் சரிபார்க்க வேண்டும் என்று பொதுவாக ஒரு நடைமுறை வையுங்கள். சிக்குகிறவர் யாராக இருந்தாலும் அதன்படி நடவுங்கள்.

பையனிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ஃப்ளோரில் யார் என்ன பேசினார்கள் என்று உங்களிடம் வந்து சொல்ல வேண்டாம். சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அவன் மேல் உள்ள கோபத்தில் பாதி அதற்காகவும் இருக்கலாம்.

அந்த அக்காவைக் கண்ணாடி கேபினுக்குக் கூப்பிடாதீர்கள், மொத்த ஃப்ளோரும் பார்க்கும். டீ டயத்தில் அவர் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கைமடிப் பெண்களுக்கு மெஷின் பழக்க அவரைவிட ஆள் கிடைக்காது. பழக்கித் தர முடியுமா என்று கேட்கலாம், ஆனால் அதற்குச் சம்பளத்தில் என்ன சேர்த்துத் தருவீர்கள் என்பதை முதலாளியிடம் முடித்துக்கொண்டு போங்கள். முதல் பத்து நிமிடம் திட்டுவார். ‘நீ டெய்லரா வந்தப்போ உனக்கு நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்’ என்றுகூட வரலாம். அப்படி வந்தால், அது உண்மையா என்று எனக்கு எழுதுங்கள்.