செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: ஆடுகிறவருக்கும் ஆடாதவருக்கும்

கேள்வி: எங்கள் மகள் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கிறாள். வருகிற ஜூன் கடைசியில் பட்டமளிப்பு. நானும் என் கணவரும் ஒரு வாரம் அங்கே தங்கப்போகிறோம். அவர் கோயம்புத்தூரில் பத்து வருடமாக கோல்ஃப் ஆடுகிறார். ஓல்டு கோர்ஸில் ஒரு முறையாவது ஆட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கிளப் உறுப்பினர் யாராவது சிபாரிசு செய்தால்தான் உள்ளே விடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஒரு ஏஜென்ட் மலைக்க வைக்கும் தொகை கேட்கிறார். என்ன செய்யலாம்? எனக்கு ஆட்டம் தெரியாது; நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தான் முடியுமா?

பதில்: உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கணவருக்கான பதில் கொஞ்சம் நீளம். நீங்கள் வெளியே நிற்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் கோல்ஃப் கிடையாது. சில பெரிய போட்டி நாட்களைத் தவிர, அன்றைக்கு அந்தப் புல்வெளி முழுவதும் நடக்கிறவர்களுக்குத்தான். டிக்கெட் கிடையாது, யாரும் பெயர் கேட்கமாட்டார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கிற ஃபைஃப் வட்டாரத்துக்கு நான் குடிவந்து பல வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஞாயிறு சாயங்காலம் அங்கேதான் கூட்டிப்போவேன். போன கோடையில் ஒரு நாள், பதினெட்டாவது கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பு) முன்னால் இருக்கிற பள்ளத்தில் நான்கு வயசுப் பையன் ஒருவன் உருண்டு உருண்டு விளையாடிக்கொண்டிருந்தான். அந்தப் பள்ளத்துக்கு ‘பாவப் பள்ளத்தாக்கு’ என்று பெயர்; உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் அதில் பந்தை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்த இடம். பையனின் பாட்டி கடலில் நனைந்த நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். அவர்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் இடம்.

‘அவர்கள் இடம்’ என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. உங்கள் நண்பரின் சிபாரிசுக் கதைக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடந்த மணற்பாங்கான புல்தரை அது, உழவுக்கு உதவாது. நம் ஊர் மந்தைவெளி மாதிரி ஆடு மேய்க்கவும், துணி வெளுக்கவும், விளையாடவும் ஊரே பயன்படுத்திய பொது நிலம். 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடாளுமன்றம், ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு கோல்ஃபும் கால்பந்தும் ஆடுகிறார்கள் என்று இரண்டையும் தடைசெய்தது. தடை போடும் அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த நிலத்தில் முயல் வளர்க்க ஊரிடம் அனுமதி பெற்றார். அதற்கு ஈடாக, அங்கே கோல்ஃப், கால்பந்து எல்லாம் ஆடவும் கால்நடை மேய்க்கவும் ஊர்மக்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இந்த முயல் விவகாரம் பிறகு பெரிய சண்டையாகவே ஆனது. 1797-இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தையே விற்றுவிட்டது. அது முயல் வியாபாரிகள் கைக்குப் போய், புல்தரை முழுக்க வளையாகி, ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அது வருடக்கணக்கில் இழுத்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் அதை வாங்கினார்; அவர் கோல்ஃப் ஆடுகிறவர், அதனால் ஆட்டம் பிழைத்தது. கடைசியில் 1894-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிலம் மறுபடி நகரத்துக்கே வந்தது. உள்ளாட்சி அமைப்பு மாறி நகரசபை மறையப்போகிற சமயத்தில், 1974-இல் இன்னொரு சட்டம் போட்டு ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அந்த அறக்கட்டளைதான் இன்றைக்கும் நிர்வகிக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கும், உங்கள் மகள் மாதிரி அங்கே படிக்கிற மாணவர்களுக்கும் சலுகை விலையில் வருடாந்தர ஆட்டச் சீட்டு உண்டு.

முதல் டீக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கிற இடத்துக்கு, பின்னால் நிற்கிற கம்பீரமான சாம்பல் நிறக் கட்டடத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அது ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் வீடு. 1754-இல் தொடங்கிய தனியார் கிளப்; அதற்குள் போக மட்டும்தான் உறுப்பினர் தயவு வேண்டும். மைதானம் அவர்களுடையது அல்ல. அந்த கிளப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க வாக்களித்தது 2014 செப்டம்பர் 18 அன்று. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பு நடந்த அதே நாள். அன்றைக்கு நாடு மாறவில்லை, கிளப் மாறியது. அதற்கு 260 வருடம் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் மைதானத்தில் 2007-லேயே பெண்களின் பிரிட்டிஷ் ஓபன் நடந்துவிட்டது.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம்.

ஓல்டு கோர்ஸில் ஆட வேண்டிய தகுதி ஒன்றே ஒன்றுதான்: அதிகாரபூர்வமான ஹேண்டிகேப், அதாவது ஒருவருடைய ஆட்டத் திறனைக் காட்டும் எண். கோயம்புத்தூரில் அவர் ஆடும் கிளப்பில் கேட்டு, தற்போதைய ஹேண்டிகேப் எண்ணைக் காட்டும் அட்டையோ, செயலாளர் கையெழுத்திட்ட கடிதமோ வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கைபேசிச் செயலியில் இருந்தாலும் தாளிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் அதில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல் எப்போதும் தொல்லை; இதைக் கிளம்புவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

இடம் கிடைப்பது பெரும்பாலும் குலுக்கலில். ஆட நினைக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகல் 2 மணிக்குள் லிங்க்ஸ் டிரஸ்டிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஆன்லைனிலேயே கொடுக்கலாம். சாயங்காலம் முடிவு வந்துவிடும். ஞாயிறு ஆட்டம் இல்லை; திங்கள் ஆட சனிக்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மறுநாள் திரும்பக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு வாரம் இருந்தால் நான்கைந்து முறை முயற்சி செய்யலாம். ஆனால் ஒரு சிக்கல்: இந்தக் குலுக்கலுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், நான்கு பேர் வரை சேரலாம். உங்கள் கணவர் தனி ஆள். மகளுடைய நண்பர்களில் ஹேண்டிகேப் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த ஊர் மாணவர்களில் அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

தனியாக வருகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்தே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓல்டு பெவிலியன் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு, மூன்று பேர் மட்டும் இருக்கிற குழுவில் ஒரு காலி இடம் கிடைக்காதா என்று. கடலோரக் குளிரில் வயசானவர்கள்கூட அப்படிக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2024 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. ஆடுவதற்கு முந்தின நாள் பகலில் நேரில் போய், அடையாள அட்டையும் ஹேண்டிகேப் சான்றும் காட்டிப் பெயர் பதிந்துவிட்டு வர வேண்டும். சாயங்காலம் கைபேசிக்குத் தகவல் வரும். நீங்கள் ஊருக்குள்ளேயே தங்குவதால் இது உங்களுக்கு ரொம்ப வசதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வழியிலும் தினமும் முயல்வேன், பட்டமளிப்பு நாளை மட்டும் விட்டுவிட்டு.

கோடையில் ஒரு ஆட்டத்துக்குக் கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும். அதுவே பெரிய பணம். ஏஜென்ட் கேட்பது அதற்கு மேலே, தேதியை முன்கூட்டியே உறுதி செய்து தருவதற்காக, பெரும்பாலும் தங்குமிடத்தையும் சேர்த்து. லிங்க்ஸ் டிரஸ்ட் அங்கீகரித்த நிறுவனங்கள் சில உண்டு. உங்கள் ஏஜென்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று டிரஸ்டிடமே எழுதிக் கேளுங்கள். பட்டியலில் இல்லாதவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் கையில் இருக்கும்போது அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

குலுக்கலில் கடைசி வரை பெயர் வராமலும் போகலாம். அதனால் அதே டிரஸ்டின் நியூ கோர்ஸில் ஒரு நாள் இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள். நியூ என்று பெயர், திறந்தது 1895-இல். ஓல்டு கோர்ஸைப் பராமரித்த பழைய காலத்து ஆட்டக்காரர் ஓல்டு டாம் மாரிஸ் அமைத்தது. அதே மணல், அதே காற்று, கட்டணம் குறைவு. கோல்ஃப் மட்டைகளை விமானத்தில் தூக்கிச் சுமக்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

கோயம்புத்தூர்ப் பழக்கத்தில் அவர் மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் தரை. காலுக்குக் கீழே மெத்தென்று இருக்காது. கோரைப்பாய் விரித்த களிமண் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். உயரத் தூக்கி அடித்தால் காற்று பந்தைக் கொண்டுபோய்விடும். தாழ அடித்து உருளவிட வேண்டும். பங்கர் என்கிற மணற்குழிகள் மொத்தம் 112, பல கண்ணுக்கே தெரியாது. பதினான்காவது குழியில் இருக்கிற ‘நரகம்’ என்ற பங்கரிலிருந்து வெளியே வர, 1995-இல் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸே நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது. அதனால் கேடி, அதாவது மட்டைப் பையைச் சுமந்து வழிசொல்லும் உதவியாளர், ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் கோபுரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். ஏழு கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன, போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று; புதிதாக வருகிறவர்கள் தப்பான கொடியை நோக்கி அடிப்பது அங்கே தினசரிக் காட்சி.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். உலகம் முழுக்க ஒரு ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழி என்ற கணக்கு இந்த மைதானத்திலிருந்து வந்தது. முதலில் போக, வர என்று 22 குழி ஆடினார்கள். 1764-இல் தொடக்கத்தில் இருந்த நான்கு சின்னக் குழிகளை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டு குறைந்தது, வரும்போதும் இரண்டு குறைந்தது. மிச்சம் 18.

உங்களுக்கான ஞாயிறு நடையைப் பற்றி: பதினெட்டாவது கிரீன் பக்கம் தொடங்கி, ஸ்வில்கன் ஓடையின் மேல் இருக்கிற சின்னக் கல்பாலத்துக்குப் போங்கள். சில அடி நடந்தால் பாலம் முடிந்துவிடும், அவ்வளவுதான் அது. ஆட்டத்துக்கு விடை கொடுக்கிற பெரிய வீரர்கள் அதன் மேல் நின்று கையசைப்பது வழக்கம். 2023 தொடக்கத்தில் அதைச் சுற்றிக் கல் தளம் போட்டார்கள். ஊரும் உலகமும் கொதித்தெழுந்தது, சில நாட்களிலேயே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு பதினேழாவது கிரீன் ஓரத்து பங்கரின் சுவரைக் குனிந்து பாருங்கள். புல்கட்டிகளை வெட்டி, பழைய நாளிதழ்க் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பார்ப்பதோடு சரி: கிரீன் மேலும் மணலுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது.

வார நாட்களில் நடப்பது வேறு. முதல் குழியையும் பதினெட்டாவதையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற பொதுச் சாலை கடற்கரைக்குப் போகிறது. காரும் போகும், ஆளும் போகலாம். ஆனால் பந்து வரும் திசையைப் பார்த்துவிட்டு, யாரும் அடிக்கத் தயாராக இல்லை என்று தெரிந்த பிறகு விறுவிறுவென்று கடந்துவிடுங்கள். பந்து வருகிறது என்று எச்சரிக்க ‘ஃபோர்!’ என்று யாராவது கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள்; தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனியுங்கள்.

அவர் ஆடுகிற நான்கைந்து மணி நேரம் நீங்கள் என்ன செய்வது? பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது. சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். எந்த முன்பயிற்சியும் வேண்டாம், எந்தச் சான்றும் வேண்டாம். 1867-இல் பெண்கள் தொடங்கிய கிளப்பினுடையது அது. தோளுக்கு மேலே கையை ஓங்கி அடிப்பது பெண்களுக்கு அழகல்ல என்று சொல்லப்பட்ட காலத்தில், தரையோடு உருட்டும் ஆட்டத்தை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கிய நேரம் உண்டு, வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், நீங்கள் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

ஊருக்குள் ரயில் வராது. லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி பஸ்ஸில் கால் மணி நேரம். ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து ‘ஹார்’ என்கிற மூடுபனி ஏறி வந்து எதிரே இருக்கிற கொடி மறைந்துவிடும்.

அப்புறம், ஒரு சாயங்காலம் மூன்று பேருமாகக் கிழக்கே இடிந்த கதீட்ரலின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். ஓல்டு டாம் மாரிஸும் அவர் மகன் யங் டாமும் அங்கே இருக்கிறார்கள். மகன் தொடர்ச்சியாக நான்கு பிரிட்டிஷ் ஓபன் பட்டங்களை வென்றவர். பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த சில மாதங்களில், 1875 கிறிஸ்துமஸ் நாளில், 24 வயதில் இறந்துபோனார். அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் போட்டு எழுப்பிய சிலை சுவரோரம் நிற்கிறது, தலையில் தொப்பி, பந்தை அடிக்கக் குனிந்த நிலையில். அப்பா அதற்குப் பிறகு 32 வருடம் வாழ்ந்தார். பெரும்பாலான நாட்கள் அந்த மைதானத்துப் புல்லைப் பராமரித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கூடாது, தரைக்கும் ஓய்வு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள்.