தொட்டிக்குள் ஆளை இறக்கலாமா? தொழிற்சாலைப் பாதுகாப்பு: கேள்வி-பதில்

பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை. கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள வருடம் ஒருமுறை காண்ட்ராக்ட் ஆட்களை இறக்குகிறோம். முதல் நாளே மூடியைத் திறந்து வைக்கிறோம், மாஸ்க்கும் தருகிறோம். போதுமா?

போதாது. சல்பர் பிளாக் என்ற கருப்புச் சாயம் ஓடும் பட்டறை என்றால் சேற்றில் சல்ஃபைடு தங்கியிருக்கும். அதில் ஆசிட் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். சேற்றைக் கிளறினாலே அடைபட்டிருந்த வாயு வெளிவரும். காற்றைவிடக் கனம் என்பதால், மூடியைத் திறந்து வைத்தாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது. 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வாக்கில் மூக்கு மரத்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று ஒருவர் சொன்னால் அப்போதுதான் பயப்பட வேண்டும். தூசி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. வடிகட்டிக் குப்பி மாட்டிய கேட்ரிட்ஜ் மாஸ்க் சில வாயுக்களைத் தடுக்கும், ஆனால் உள்ளே இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து தரும்?

சேற்றுப் பம்போ உறிஞ்சு லாரியோ வைத்து வெளியிலிருந்தே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் ஆளை இறக்கும் பேச்சே இல்லை. வேறு வழியே இல்லையென்றால், தொட்டிக்கு வரும் எல்லா வால்வையும் மூடிப் பூட்டிவிட்டு ஆசிட் லைனைக் கழற்றிவிடுங்கள். புளோயர் டக்ட் (வெளிக்காற்றை உள்ளே அடிக்கும் குழாய்) அடிவரை போகட்டும். காற்று இழுக்கும் பக்கம் ஜெனரேட்டர் புகை இருக்கக் கூடாது. காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீ விபத்துக்கு வழி.

பிறகு நான்கு வாயு மீட்டரை (ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் அளப்பது) கயிற்றில் கட்டி இறக்கி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பாருங்கள். முதலில் ஆக்சிஜன்: 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் எரிவாயு சென்சாரின் கணக்கும் தப்பும் என்பதால்தான் இந்த வரிசை. எரிவாயு, குறைந்தபட்ச வெடிப்பு எல்லையில் (காற்றில் தீப்பிடிக்கத் தேவையான குறைந்த அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழ். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழ். சேற்றைக் கிளறியதும் எல்லாம் மாறும், ஆகவே வேலை முடியும்வரை மீட்டர் ஆளின் நெஞ்சிலேயே இருக்கட்டும். கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

முக்கியமானது, மேலே நிற்பவர். உள்ளே இருப்பவரின் ஹார்னஸ் (உடலில் மாட்டும் பட்டை) கயிறு முக்காலி வின்ச்சில் மாட்டியிருக்க வேண்டும். மயங்கினால் மேலிருந்தே சுற்றித் தூக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

கழிப்பறை செப்டிக் டேங்க் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், லாரியைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

நூற்பாலையில் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகிறோம். சுகர், பிபி, ஈசிஜி எல்லாம் எடுக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

மில் வேலையால் வரும் நோய் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லையே! பஞ்சைப் பிரிக்கும் புளோரூம், அதைச் சீவும் கார்டிங் பிரிவு ஆட்களுக்கு நுரையீரல் பரிசோதனை. சத்தமான பிரிவுகளில் நிற்பவர்களுக்குக் காது. இவற்றை முகாம்காரரிடம் நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தப் பிரிவில் யார், என்ன தூசி, எவ்வளவு சத்தம் என்ற பட்டியல் இல்லாமல் வரும் மருத்துவர் பொதுப் பரிசோதனைதான் செய்துவிட்டுப் போவார்.

பஞ்சுத் தூசி நோயின் அடையாளமே, விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது. அதனால் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியை அன்றைக்கே ஷிப்டுக்கு முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை எடுக்க வேண்டும். ஒழுங்கான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். ஆளுக்கு அரை நிமிடத்தில் ஒரே ஊதலோடு முடித்தால் அந்தக் காகிதம் கோப்புக்குத்தான் ஆகும்.

காது பரிசோதனைக்கு 14 மணி நேரமாவது சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். ஷிப்டு நடுவே எடுத்தால் தற்காலிக மந்தமும் நிரந்தரக் கேடும் ஒன்றாகத் தெரியும். கேட்புத்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் சத்தத்தைச் சந்தேகியுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே எடுத்த ரிப்போர்ட் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

கோவையில் சிறு பவர் பிரஸ் பட்டறை. கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிரால் கண்டுபிடிக்கும் தடுப்பு) மாட்டச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். கீ கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு சுற்று முடியாமல் நிற்காது. கர்ட்டன் கையைக் கண்டுபிடிக்கும். தகட்டை அழுத்தும் ராம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பணத்தில் டையை (தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சை) சுற்றி நிலையான கார்டு (தடுப்புக் கூண்டு) போடுங்கள். தகடு நுழையும் இடைவெளி 6 மி.மீ. தாண்ட வேண்டாம். பீஸை கையால் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளியில் வைத்த பீஸை உள்ளே தள்ளும் ஸ்லைடிங் ஃபீட் போன்ற ஏற்பாடு செய்யலாம். நடுவழியிலேயே நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச் பிரஸ் என்றால் கதையே வேறு, அதற்குக் கர்ட்டன் பொருந்தும். அங்கும் தூரம் முக்கியம். கை நொடிக்கு 1.6 மீட்டர் நகரும் என்று வைத்தால், பிரஸ் நிற்க 0.3 நொடி எடுக்கும்போது கர்ட்டன் டையிலிருந்து 48 செ.மீ.க்கு மேல் தள்ளியே இருக்க வேண்டும்.

காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் எலுமிச்சைச் சாறு விடலாமா?

கூடவே கூடாது. உடனே தண்ணீர், விடாமல் 15 நிமிடமாவது, இமையை விரித்துப் பிடித்து. அதன் பிறகு மருத்துவமனை. காஸ்டிக் சோடா போன்ற காரம் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும், தாமதமாகும் ஒவ்வொரு நொடியும் பார்வையைத் தின்னும். கண் கழுவிக் குழாய் பத்து நொடி நடையில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் கொதிநீர் இதற்கு உதவாது, குழாயை நிழலில் கொண்டுவாருங்கள். வாரம் ஒருமுறை திறந்து துருத்தண்ணீரை ஓடவிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் இல்லை. நிரம்பியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

எடைபோடுங்கள். கழுத்தருகே குத்தியிருக்கும் காலி எடையைக் கழித்தால் உள்ளே இருக்கும் வாயு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 4.5 கிலோ சிலிண்டரில் 4.05-க்குக் கீழே போயிருந்தால் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். ஹார்ன் (வாயு வெளிவரும் கூம்பு), ஹோஸ் மாட்டியா கழற்றியா காலி எடை போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கேதான் உதைக்கும்.