முந்திரிக்கொத்துக்கு எத்தனை கை வேண்டும்?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் அருமனைப் பக்கம். கணவருக்குக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். இப்போது நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பத்து நாள் முன்பே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நடுராத்திரி கேரல், விடியற்காலை ஆராதனை. அப்பா மூங்கில் கீறி ஸ்டார் கட்டுவார், பசை தடவுவது என் வேலை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதே கிறிஸ்துமஸை என் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் தனியாகவே எல்லாம் செய்தேன். இரண்டு பேரும் போனைவிட்டு நிமிரவில்லை. கணவர் வீட்டில் வேறு மாதிரி. அவர்கள் கத்தோலிக்கர்கள், நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவார்கள். 25 மாலையே வீடு அடங்கிவிடும். என் நாத்தனார் சுனாமியில் போனவர். மாமியார் 26 அன்று யாரோடும் பேசமாட்டார். இதற்கு நடுவில் என் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்க என்ன இருக்கும்?
பெயர் வேண்டாம், நாகர்கோவில்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

முந்திரிக்கொத்தைத் தனியாகவா செய்தீர்கள்? படித்ததும் எனக்குக் கை வலித்தது.

சிறுபயறை வறுத்து, உடைத்து, தொலி போக்கி, திரிப்பது ஒரு நாள் வேலை. மறுநாள் அதில் வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்துச் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கிளற வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் மாவட்டத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி.) சூடு இருக்கும்போதே உருட்டிவிட வேண்டும். ஆறினால் மாவு உதிர ஆரம்பித்துவிடும், உருண்டை பிடிக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் சட்டியை இறக்கியதும் சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். பாசத்தினால் மட்டும் கூடிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். பாகு ஆறுவதற்குள் உருட்டி முடிக்க அத்தனை கை தேவைப்பட்டது.

வெளியூர்க்காரர்கள் இன்னொன்றும் கேட்பார்கள், முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு எங்கே என்று. ஒன்றுகூடக் கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டையை ஒட்டி, பச்சரிசி மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் அல்லவா, பலகாரத்தின் பெயரில்கூட அந்த வாசம் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. 'பசை தடவுவது என் வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் போன வருஷம் என்ன வேலை கொடுத்தீர்கள்? எல்லாவற்றையும் நீங்களே செய்து, அழகாகத் தட்டில் அடுக்கி முன்னால் வைத்திருப்பீர்கள். அவர்கள் எடுத்துத் தின்றிருப்பார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்? கடைப் பலகாரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். அம்மா இறந்த மறு வருஷம், அவர் செய்த அத்தனையும் அப்படியே செய்தே தீருவேன் என்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அடுப்படியில் நின்றேன். பாகு முறுகிப்போனது. பயற்று மாவு கல்லு மாதிரி ஆகிவிட்டது. காலையில் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் போய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ஆராதனையில் ஒரு பாட்டுகூடச் சரியாகப் பாடவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றைக்கு விடாமல் நடக்கிற ஒரு வழக்கம் நான் யோசித்துச் செய்ததே இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது நினைவிருக்கும். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களில் அந்த வருஷம் யாருக்கும் ஸ்டார் போட மனமில்லை. எங்கள் வீட்டில் பரணில் கிடந்த சிம்னி விளக்கைத் துடைத்து எடுத்தோம், ஜெபமும் சாப்பாடும் அந்த வெளிச்சத்தில்தான். கிறிஸ்துமஸுக்குள் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் இளையவன் அந்த விளக்கை உள்ளே வைக்க விடவில்லை. 24 ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, சிம்னி வெளிச்சத்தில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அவனே வாசித்தான். இப்போது வேலைக்குப் போகிறான். இன்றும் திரி வெட்டுவது அவன் பொறுப்பு, வேறு யாரையும் தொட விடமாட்டான்.

அதனால் இந்த வருஷம் ஐந்தாறு விஷயங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால் முந்திரிக்கொத்து. அச்சு முறுக்கு வேண்டாம். கொதிக்கிற எண்ணெயில் அச்சைச் சூடாக்கி மாவில் முக்குகிற வேலை, எட்டு வயதுப் பையனிடம் கொடுக்க முடியாது. உருட்டுவது யாருக்கும் வரும். பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் மகனை உட்கார வையுங்கள். ஒன்று எலுமிச்சை அளவும் ஒன்று நெல்லிக்காய் அளவுமாக உருட்டுவான். திருத்தாதீர்கள், திரும்ப எடுத்து உருட்டாதீர்கள். மகளுக்குக் குடிலைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 15 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ சிறுபயறோ விதைக்கச் சொன்னால், குடிலுக்கான புல்வெளியை அவளே வளர்த்துவிடுவாள். ஸ்டார் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. திருப்பலியா ஆராதனையா என்பதற்கு ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போகிற தெம்பு இருந்தால் அதுவும் நல்லதுதான், பிள்ளைகள் எப்படியும் தூங்கிவிழுவார்கள்.

இனி உங்கள் மாமியார். கடிதத்தில் அவரைப் பற்றி மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள், அவைதான் எனக்குக் கனமாக இருந்தன. 2004-ல் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் வரைக்கும் அந்த வீட்டிலும் கிறிஸ்துமஸ் நடந்திருக்கிறது. உங்கள் நாத்தனார் புதுத்துணி உடுத்தியிருப்பார், ஏதோ ஒன்றைச் சமைத்திருப்பார்கள், யாரோ சண்டை போட்டிருப்பார்கள். அதெல்லாம் என்ன என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் கணவரிடம் பேசுங்கள், அவருக்கும் அக்காவோ தங்கையோ போயிருக்கிறார். அவர் சரி என்றால், பயறு உடைக்கிற அன்று மாமியாரை நாகர்கோவிலுக்கு அழைத்து வாருங்கள். 24-ம் தேதி வேண்டாம், ஒரு வாரம் முன்பே. கையில் வேலை இருக்கும்போது சிலருக்குப் பேச்சு வரும். 'மாமி, உங்க வீட்டுல அப்போ என்ன செய்வீங்க?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பேசவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பயறு உடைந்தால் போதும்.

26 காலையில் அவர் கல்லறைக்கோ நினைவிடத்துக்கோ போகும்போது பிள்ளைகளையும் கூட அனுப்புங்கள். மகளுக்கு 12 வயது, முழுதாகச் சொல்லலாம். மகனிடம் 'உன் அத்தைக்குப் பூ வைக்கப் போறோம்' என்றால் போதும், மிச்சத்தை அவனே கேட்பான். பூவை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அன்று வீடு அமைதியாக இருப்பதை மாற்றப் பார்க்காதீர்கள். அந்த அமைதி எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்களும் அதில் இருப்பார்கள்.

அப்புறம், பயறு அரைக்கிலோவுக்கு மேல் போடாதீர்கள். அதுவே நிறைய வரும்.