தூக்கத்தில் வீசும் கை

பெங்களூரு அல்சூர் வாசகிக்கு: ஓராண்டாக விடியற்காலையில் உங்கள் கணவர் யாரையோ விரட்டுவதுபோலக் கத்திக்கொண்டு கையை வீசுகிறார் என்றும், சென்ற மாதம் அந்த அடி பட்டு உங்கள் கன்னம் வீங்கியது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணவரின் மறதி, அவருடைய அப்பாவுக்கு இருந்த பார்க்கின்சன் நோய் (கைநடுக்கமும் நடைத்தளர்ச்சியும் தரும் மூளை நரம்பு நோய்) அவருக்கும் வருமா என்ற பயம், அதைத் தடுக்க அவர் கிடக்கும் பட்டினி என்று நீளும் நான்கு பக்கக் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். 57 வயதில் சாவியைத் தேடுவதும், தெரிந்தவர் பெயர் சட்டென்று வராததும் பலருக்கும் உள்ளவை. மாமனாருக்குப் பார்க்கின்சன் நோய் இருந்ததால் மகனுக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

கனவு காணும் உறக்கத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைத் தளர்த்திவிடுவதால்தான், கனவில் ஓடினாலும் நாம் படுக்கையில் அசையாமல் கிடக்கிறோம். உங்கள் கணவருக்கு இருக்கலாம் என்று நான் சந்தேகிப்பது, 1986-இல் மருத்துவ உலகம் தனி நோயாக விவரித்த கனவுறக்க நடத்தைக் கோளாறு (REM sleep behaviour disorder); இந்தக் கோளாற்றில் அந்தத் தளர்ச்சி ஏற்படுவதில்லை. வேறு காரணமின்றி இது வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த நோயோ தோன்றுகிறது. குறட்டையோடு வரும் மூச்சுத்தடையும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், பரிசோதிக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

இனி அவருடைய பட்டினி. பட்டினி கிடந்தால் செல்லில் தேங்கும் பழுதான புரதம் கரைந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. செல்லுக்குள் பிசகாக மடிந்த புரதத்தைத் துணைப்புரதங்கள் நேராக்கப் பார்க்கும். முடியாவிட்டால் அதன்மீது யுபிகுயிட்டின் என்ற அடையாளம் ஒட்டப்பட்டு, புரோட்டியசோம் என்ற செல்லின் வெட்டும் கருவி அதைத் துண்டாக்கும். அதற்குள் நுழையாத பெரிய திரளைச் சவ்வுப்பையில் சுற்றி லைசோசோம் என்ற செல்லின் செரிமானப் பையில் செரிக்கும் வழிதான் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட் செல்களில் இதை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களில் இப்படித்தான் திரண்டுவிடுகிறது. மற்ற பல செல்களைப்போல் பிரிந்து அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளவும் நரம்பு செல்லால் முடியாது. எனினும், பட்டினி கிடந்தால் மனித மூளையில் இந்தத் திரள் கரையும் என்று எவரும் நிரூபித்ததில்லை. யூடியூபில் பார்த்ததை நம்பி, நீரிழிவுக்கு கிளிமிபிரைடு என்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் 36 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடப்பதைப் படித்தபோது எனக்குப் பதறியது. சர்க்கரை திடீரென்று இறங்கினால், அவர் காப்பாற்ற நினைக்கும் அதே நரம்பு செல்கள்தாம் முதலில் பாதிக்கப்படும். பட்டினியை இன்றே நிறுத்துங்கள். ஆட்டோஃபேஜியைத் தூண்டும் என்று நம்பி இணையத்தில் வாங்கிய ஸ்பெர்மிடின் மாத்திரையும் வேண்டாம்; மருத்துவர் எழுதித்தந்த மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

அடுத்த முறை அவர் கத்தும்போது கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு, உங்கள் ஊரிலேயே உள்ள நிம்ஹான்ஸ் போன்றதொரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு இந்த மாதமே அவரை அழைத்துச் செல்லுங்கள். இரவு முழுவதும் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனை தேவைப்படும். பெருங்காயத்தின் வாசனை அவருக்குத் தெரிகிறதா, நாள்பட்ட மலச்சிக்கல் உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பார்க்கின்சனைக் கணிக்க இவையும் உதவும். திரள்வதைத் தடுக்கும் மருந்து இன்று கையில் இல்லை. ஆனால் இரவில் அடிதடி குறைய மருந்துண்டு, நடையிலும் கைநடுக்கத்திலும் மாற்றம் தோன்றினால் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கவும் முடியும். அதுவரை கட்டிலருகே உள்ள கண்ணாடி மேசையை அப்புறப்படுத்திவிட்டு, நீங்கள் தனிப்படுக்கையில் உறங்குங்கள்.